மின்னோட்டத்தை நிறுத்தாதே, மடை திருப்பு!

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – இயற்பியல்)

முன்னுரை

ஒரு டிரான்சிஸ்டர் எவ்வளவு விரைவாக இயங்கும் என்று கேட்டால், அதன் விவரத்தாளைப் பார்த்து ஓர் எண்ணைச் சொல்லிவிடுகிறோம். பி.சி. 547 என்னும் சாதாரண டிரான்சிஸ்டரின் மாறுநிலை அதிர்வெண் சுமார் 300 மெகா ஹெர்ட்ஸ். இதனைக் கொண்டு அமைத்த சுற்று, ஒரு நானோ வினாடி அளவில் இயங்கியிருக்க வேண்டும் என்றே நானும் நினைத்தேன். ஆனால் அதே டிரான்சிஸ்டர்கள் இரண்டைக் கொண்டு நாங்கள் அமைத்த ஒரு சிறு சுற்று, ஒரு மைக்ரோ வினாடி அளவுக்குச் சோம்பல் காட்டியது. ஆயிரம் மடங்கு வேறுபாடு! டிரான்சிஸ்டர் பழுது என்று எண்ணி மூன்று முறை மாற்றிப் பார்த்தேன். சோம்பல் மாறவில்லை. பழுது டிரான்சிஸ்டரில் இல்லை, அதனை நான் பயன்படுத்திய முறையில்தான் இருந்தது என்பது பின்னரே விளங்கியது. அவ்வாறு விளங்கியதைச் சக மாணவர்களுடன் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மின்னோட்ட ஆடி என்பது யாது?

ஆடியின் முன் நின்றால் நம் உருவம் அப்படியே தெரிகிறது. ஒரு கிளையில் ஓடும் மின்னோட்டத்தை மற்றொரு கிளையில் அப்படியே தோற்றுவிக்கும் சுற்றினை மின்னோட்ட ஆடி என்கிறோம். இதற்கு ஒரே தன்மையுள்ள இரண்டு டிரான்சிஸ்டர்கள் போதும்.

இரண்டின் உமிழ்ப்பான்களையும் தரையுடன் இணைக்க வேண்டும். இரண்டின் அடிவாய்களையும் ஒன்றோடொன்று இணைக்க வேண்டும். முதல் டிரான்சிஸ்டரின் ஏற்பானை அதன் அடிவாயுடனேயே சேர்த்துவிட வேண்டும். இப்போது முதல் டிரான்சிஸ்டர் ஒரு டையோடு போல நடந்துகொள்ளும். 5 வோல்ட் மின்வழங்கியிலிருந்து ஒரு மின்தடை வழியாக இதற்குள் மின்னோட்டத்தைச் செலுத்தினால், அந்த மின்னோட்டத்திற்கு ஏற்ற அடிவாய் மின்னழுத்தம், ஏறத்தாழ 0.65 வோல்ட், தானே அமைந்துவிடும். அதே மின்னழுத்தம் இரண்டாம் டிரான்சிஸ்டரின் அடிவாயிலும் இருப்பதால் அதன் ஏற்பானிலும் அதே மின்னோட்டம் ஓடும்.

மின்தடை 43 கிலோ ஓம் என்றால், அதன் குறுக்கே எஞ்சும் 4.35 வோல்ட்டால் சுமார் 100 மைக்ரோ ஆம்பியர் கிடைக்கிறது. இதனை ஆதார மின்னோட்டம் என்போம். அடிவாய்கள் இரண்டும் சிறிது மின்னோட்டத்தை எடுத்துக்கொள்வதால் வெளியீடு சற்றே குறையும். மின்னோட்டப் பெருக்கம் 100 எனில் குறைவு ஏறத்தாழ 2 சதவீதம். இது நிலையான பிழை; ஒருமுறை சரிசெய்தால் போதும்.

ஓர் உண்மையை இங்கே நினைவில் வைக்க வேண்டும். ஏற்பான் மின்னோட்டம் அடிவாய் மின்னழுத்தத்தைப் பொறுத்து அடுக்குக்குறி முறையில் மாறுகிறது. அறை வெப்பநிலையில் அடிவாய் மின்னழுத்தம் 60 மில்லி வோல்ட் கூடினால் மின்னோட்டம் பத்து மடங்காகிறது. 60 மில்லி வோல்ட் குறைந்தால் பத்தில் ஒன்றாகிறது. 18 மில்லி வோல்ட் மாற்றமே அதனை இரட்டிக்கவோ பாதியாக்கவோ போதும். பின்னர் வரும் எல்லாக் கணக்கும் இதிலிருந்தே பிறக்கிறது.

நாங்கள் எதற்காக இதனை அமைத்தோம்?

எஃகுக் கம்பியில் ஒலியின் திசைவேகத்தை அளக்க விரும்பினோம். கம்பியின் ஒரு முனையைச் சிறு சுத்தியல் தொடும் கணத்தில் ஒரு மின்தொடர்பு ஏற்பட்டு நேரக்கணக்கு தொடங்கும். ஒலி மறுமுனையை அடைந்ததும் அங்குள்ள பீசோ வில்லை மின்துடிப்பைத் தந்து கணக்கை நிறுத்தும். எஃகுக் கம்பியில் ஒலி வினாடிக்குச் சுமார் 5,000 மீட்டர் செல்லும். எனவே 10 செ.மீ. கம்பியைக் கடக்க அதற்கு 20 மைக்ரோ வினாடியே தேவை.

இந்தச் சிறு நேரத்தை மின்னழுத்தமாக மாற்றுவதுதான் ஆடியின் வேலை. 1,000 பிக்கோ ஃபாரட் மின்தேக்கி ஒன்றை 5 வோல்ட்டுக்கு மின்னேற்றம் செய்து வைத்திருப்போம். தொடக்கத் துடிப்பு வந்ததும் ஆடி விழித்து, 100 மைக்ரோ ஆம்பியர் மாறா மின்னோட்டத்தால் மின்தேக்கியை வடிக்கத் தொடங்கும். நிறுத்தத் துடிப்பு வந்ததும் ஆடி உறங்கிவிடும். 10 மைக்ரோ வினாடிக்கு 1 வோல்ட் வீதம் குறையும். நிறுத்தி 100 மைக்ரோ வினாடி கழித்து, எஞ்சிய மின்னழுத்தத்தை ஒரு நுண்கட்டுப்பாட்டுப் பலகை படித்துச் சொல்லும். அணுக்கரு இயற்பியல் ஆய்வகங்களில் இரு துகள்களின் வருகைக்கு இடையேயுள்ள நேரத்தை அளக்கும் கருவிகளும் இதே தத்துவத்தில் இயங்குவனவே. அதன் எளிய வடிவம் ஒன்றைக் கையால் செய்து பார்க்கலாமே என்பது எங்கள் ஆசை.

ஆடியை எழுப்பவும் உறங்கவைக்கவும், ஆதார மின்னோட்டத்தின் பாதையில் ஒரு மின்னணுச் சாவியை வைத்தோம். சாவி மூடினால் மின்னோட்டம் உண்டு, திறந்தால் இல்லை. இதைவிட இயல்பான அமைப்பு ஏது?

விடையோ எங்களைத் திகைக்க வைத்தது. ஒரே கம்பியிலிருந்து அறுத்த 10 செ.மீ. துண்டும் 5 செ.மீ. துண்டும் இரு வேறு திசைவேகங்களைக் காட்டின. சிறு துண்டில் ஒலி விரைவாகச் செல்வதாகக் கருவி கூறியது. ஒரே எஃகு, ஒரே வெப்பநிலை; நீளத்தைக் குறைத்தால் ஒலிக்கு எங்கிருந்து வேகம் வரும்?

பிழையின் திசையைப் பார்த்தல்

முதலில் பீசோ வில்லையின் மேல் பழி போட்டோம். அது தாமதமாக விழித்தால் நேரத்தில் பிழை வருமல்லவா? ஆனால் எங்கள் பேராசிரியர் ஒரே கேள்விதான் கேட்டார்: “பிழை எந்தப் பக்கம் போகிறது?”

எண்ணிப் பார்த்தோம். பீசோ தாமதித்தால் நேரம் கூடும், திசைவேகம் குறையும், அதிலும் சிறு துண்டில் மிகுதியாகக் குறையும். எங்களுக்குக் கிடைத்ததோ நேர்மாறானது. எனவே கருவி நேரத்தைக் கூட்டவில்லை, எங்கோ தொலைக்கிறது. ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ ஒரே அளவு தொலைக்கிறது. அதனால்தான் குறுகிய நேரத்தில் அப்பிழை பெரிதாகத் தெரிகிறது.

இரு நீளங்களின் வேறுபாட்டை இரு நேரங்களின் வேறுபாட்டால் வகுத்தால் இந்த நிலையான பிழை கழிந்துவிடும். செய்முறைத் தேர்வில் மதிப்பெண் பெற அது போதும். ஆனால் தொலைந்த நேரம் எங்கே போயிற்று என்பது அதனால் தெரியாது. அது தெரியாமல் சுற்றினைத் திருத்த முடியாது.

தொடக்கத்தில் தொலையும் நேரம்

டிரான்சிஸ்டரின் ஒவ்வொரு சந்தியும் ஒரு சிறு மின்தேக்கி. இரண்டு அடிவாய்–உமிழ்ப்பான் சந்திகள், இரண்டாம் டிரான்சிஸ்டரின் அடிவாய்–ஏற்பான் சந்தி, பிரெட்போர்டின் உலோகப் பட்டைகள், இணைப்புக் கம்பிகள் எல்லாம் சேர்ந்து, அடிவாய்க்கும் தரைக்கும் இடையே சுமார் 40 பிக்கோ ஃபாரட் எனக் கொள்வோம்.

ஆடி உறங்கும்போது அடிவாய் 0 வோல்ட் அருகே உள்ளது. விழிக்க வேண்டுமானால் அது 0.65 வோல்ட்டை எட்ட வேண்டும். 40 பிக்கோ ஃபாரட்டை 0.65 வோல்ட்டால் பெருக்கினால் 26 பிக்கோ கூலூம். இந்த மின்னூட்டத்தைக் கொண்டுவந்து நிரப்ப நம்மிடம் இருப்பது அந்த 100 மைக்ரோ ஆம்பியர் ஆதார மின்னோட்டம் மட்டுமே. நிரம்பக் கால் மைக்ரோ வினாடி ஆகிறது. அதுவரை இரண்டாம் டிரான்சிஸ்டர் வாளாவிருக்கிறது. மின்தேக்கி வடியவில்லை. நேரம் தொலைகிறது.

இதோடு முடியவில்லை. சுற்று சரியாக இயங்குகிறதா என்று பார்ப்பதற்காக அலைவு காட்டியின் புரோபை அடிவாயில் மாட்டி வைத்திருந்தேன். புரோபின் சாவி ஒரு மடங்கு நிலையில் இருந்தது. அந்நிலையில் புரோபும் அதன் கம்பியும் சேர்ந்து சுமார் 100 பிக்கோ ஃபாரட்டைச் சுற்றின் தலையில் ஏற்றுகின்றன. 40 என்பது 140 ஆயிற்று. கால் மைக்ரோ வினாடி 0.85 மைக்ரோ வினாடி ஆயிற்று. நோயைக் காண வந்தவனே நோயைப் பெருக்கிய கதை! பத்து மடங்கு நிலையில் வைத்திருந்தால் புரோபின் சுமை 15 பிக்கோ ஃபாரட் அளவிலேயே இருந்திருக்கும்.

முடிவில் நீளும் வால்

சாவியைத் திறந்ததும் ஆதார மின்னோட்டம் உடனே நின்றுவிடுகிறது. ஆனால் வெளியீட்டு மின்னோட்டம் நிற்பதில்லை. ஏனெனில் அடிவாயில் தங்கிய 26 பிக்கோ கூலூம் வெளியேற வழி இல்லை. இருக்கும் ஒரே வழி, டையோடாக இணைந்துள்ள முதல் டிரான்சிஸ்டரே. அதுவோ விந்தையான வழி. மின்னழுத்தம் குறையக் குறைய அதன் வாய் மேலும் மேலும் சுருங்குகிறது.

இதனை எளிதாகக் கணக்கிடலாம். மின்னழுத்தம் குறையும் வீதம் மின்னோட்டத்திற்கு நேர்விகிதம். மின்னோட்டமோ மின்னழுத்தத்தின் அடுக்குக்குறிச் சார்பு. இரண்டையும் சேர்த்தால், மின்னோட்டம் குறையும் வீதம் மின்னோட்டத்தின் இருமடிக்கு நேர்விகிதம் என்று வருகிறது. தொகைப்படுத்தினால் கிடைப்பது நாம் எதிர்பார்க்கும் அடுக்குக்குறிச் சிதைவன்று, அதிபரவளைவு. அதாவது தொடக்க மின்னோட்டத்தை, ஒன்றுடன் கடந்த நேரத்தை ஒரு மாறிலியால் வகுத்துக் கூட்டிய எண்ணால் வகுக்க வேண்டும். அந்த மாறிலி, மின்தேக்குத்திறனை வெப்ப மின்னழுத்தமான 26 மில்லி வோல்ட்டால் பெருக்கி, தொடக்க மின்னோட்டத்தால் வகுத்தால் வருவது. 40 பிக்கோ ஃபாரட்டுக்கும் 100 மைக்ரோ ஆம்பியருக்கும் இது சுமார் 10 நானோ வினாடி.

பத்து நானோ வினாடியில் மின்னோட்டம் பாதியாகிறது. ஆகா, என்ன வேகம் என்று தோன்றும். ஆனால் பத்தில் ஒன்றாக 90 நானோ வினாடியும், நூறில் ஒன்றாக ஒரு மைக்ரோ வினாடியும், ஆயிரத்தில் ஒன்றாகப் பத்து மைக்ரோ வினாடியும் ஆகின்றன. தலை சிறியது, வால் நீண்டது. அந்த வால் முழுவதும் மின்தேக்கி சொட்டுச் சொட்டாக வடிந்துகொண்டே இருக்கிறது. மின்னழுத்தத்தைப் படிக்கும் வரையுள்ள 100 மைக்ரோ வினாடியில், புரோப் இல்லாதபோது 0.1 மைக்ரோ வினாடிக்கும், ஒரு மடங்கு புரோப் உள்ளபோது 0.3 மைக்ரோ வினாடிக்கும் ஈடான வடிகால் ஏற்படுகிறது.

தொடக்கத்தில் 0.85 தொலைந்தது, முடிவில் 0.3 கூடியது. நிகரமாக 0.55 மைக்ரோ வினாடி குறைவு. 20 மைக்ரோ வினாடியில் இது 3 சதவீதம். 10 மைக்ரோ வினாடியில் 6 சதவீதம். 5,000 மீட்டர் என்பதை நீண்ட துண்டு 5,140 என்றும், சிறு துண்டு 5,300 என்றும் காட்டும். ஒலி தவறு செய்யவில்லை. எங்கள் ஆடிதான் தாமதமாக எழுந்து தாமதமாக உறங்கியது.

விரைவுபடுத்தும் வழிகள்

நோயின் முதல் அறிந்தபின் மருந்து தேடுவது எளிது. 26 பிக்கோ கூலூமை விரைவாகக் கொண்டு வரவும் விரைவாக வெளியேற்றவும் வேண்டும். அதற்கான வழிகளை ஒவ்வொன்றாகக் காண்போம்.

முதல் வழி, மின்னோட்டத்தைப் பெருக்குதல். 100 மைக்ரோ ஆம்பியருக்கு மாறாக 1 மில்லி ஆம்பியர் வைத்து, அளக்கும் மின்தேக்கியையும் பத்து மடங்காக்கினால், தொடக்கத் தாமதம் 26 நானோ வினாடியாகக் குறைகிறது. வாலும் சுருங்குகிறது. மிக எளிய வழி இதுவே. ஆனால் மின்னோட்டத்தை இவ்வாறு பெருக்கிக்கொண்டே போக இயலாது. மின்னோட்டம் மிகும்போது அடிவாய்ப் பகுதிக்குள் விரவிச் செல்லும் மின்னூட்டமும் அதற்கேற்ப மிகுகிறது. ஓர் எல்லைக்குமேல் இலாபம் இல்லை. மின்கலத்தில் இயங்கும் கருவிகளில் அவ்வளவு மின்னோட்டம் செலவிடவும் முடியாது.

இரண்டாம் வழி, வடிகால் மின்தடை. அடிவாய்க்கும் தரைக்கும் இடையே 6.5 கிலோ ஓம் மின்தடை ஒன்றை இணைத்தால், அது 100 மைக்ரோ ஆம்பியரை எடுத்துக்கொள்ளும். அதனை ஈடுகட்ட ஆதார மின்னோட்டத்தை 200 மைக்ரோ ஆம்பியராக்க வேண்டும். இப்போது சாவி திறந்ததும் மின்னூட்டம் வெளியேற இன்னொரு வாய் உண்டு. அது சுருங்காத வாய். மின்னோட்டம் நூறில் ஒன்றாகக் குறைய ஒரு மைக்ரோ வினாடிக்கு மாறாகச் சுமார் 40 நானோ வினாடி போதும். ஒரு மின்தடையால் இருபத்தைந்து மடங்கு இலாபம்! ஆனால் விலை ஒன்று உண்டு. அடிவாய் மின்னழுத்தம் ஒரு பாகை செல்சியசுக்கு 2 மில்லி வோல்ட் வீதம் குறைவதால், வடிகாலின் பங்கும் குறைந்து ஆடியின் பங்கு கூடும். காலைக்கும் நண்பகலுக்கும் இடையே ஆய்வகம் 10 பாகை சூடேறினால் வெளியீடு 3 சதவீதம் மாறிவிடும். விரைவைப் பெற்று நிலைத்தன்மையை இழக்கிறோம்.

மூன்றாம் வழி, விரைவு மின்தேக்கி. ஆதார மின்னோட்டத்தைச் சாவியால் துண்டிக்காமல், 0 வோல்ட்டுக்கும் 5 வோல்ட்டுக்கும் இடையே தாவும் ஓர் இலக்கச் சுற்றின் வெளியீட்டிலிருந்து செலுத்த வேண்டும். 43 கிலோ ஓம் மின்தடையின் குறுக்கே 6 பிக்கோ ஃபாரட் மின்தேக்கி ஒன்றை இணைக்க வேண்டும். வெளியீடு தாவும் கணத்தில் 6-உம் 40-உம் சேர்ந்து மின்னழுத்தத்தைப் பங்கிட்டுக்கொள்கின்றன. 5 வோல்ட்டில் 46-இல் 6 பங்கு என்பது 0.65 வோல்ட், சரியாக நமக்கு வேண்டிய அளவு! ஏறும்போது மின்னூட்டத்தைக் கொண்டு வந்து கொட்டுகிறது. இறங்கும்போது அள்ளிக்கொண்டு போகிறது. ஆனால் அளவு பிசகக் கூடாது. 18 மில்லி வோல்ட் மிகுந்தாலே அக்கணத்தில் மின்னோட்டம் இரு மடங்காகிவிடும். ஒரு டிரான்சிஸ்டருக்குச் சரிசெய்தது இன்னொன்றுக்குப் பொருந்தாது.

நான்காம் வழி, தரைக்கு இழுக்கும் டிரான்சிஸ்டர். மூன்றாவது டிரான்சிஸ்டர் ஒன்றைக் கொண்டு அடிவாயை நேராகத் தரைக்கு இழுத்தால் ஆடி சில நானோ வினாடிகளில் உறங்கிவிடும். ஆனால் எழும்போது பழைய கால் மைக்ரோ வினாடி அப்படியே இருக்கிறது. போதாக்குறைக்கு, இழுத்த டிரான்சிஸ்டர் தானே தெவிட்டுநிலைக்குச் சென்றுவிடுகிறது. தெவிட்டிய டிரான்சிஸ்டரின் அடிவாயில் மிகை மின்னூட்டம் தேங்கி நிற்பதால் அது பிடியை விடத் தாமதிக்கும். 2 என் 3904 என்னும் டிரான்சிஸ்டருக்கு இந்தத் தேக்க நேரம் 200 நானோ வினாடி வரை இருக்கலாம் என்று அதன் விவரத்தாள் கூறுகிறது.

இத்தொல்லை கணிப்பொறி வடிவமைத்தோரைத் தொடக்கத்திலிருந்தே வாட்டியது. தெவிட்டுநிலைக்குப் போகாமல் டையோடுகளால் தடுத்து நிறுத்தும் முறையை 1956-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த லிங்கன் ஆய்வகத்தில் ரிச்சர்டு பேக்கர் விளக்கினார். 1964-இல் ஜேம்ஸ் பியார்டு, ஏற்பானுக்கும் அடிவாய்க்கும் இடையே ஷாட்கி டையோடு ஒன்றை உடன்சேர்த்த டிரான்சிஸ்டருக்குக் காப்புரிமை கோரினார். நம் ஆடியின் இரண்டாம் டிரான்சிஸ்டருக்கும் இந்த எச்சரிக்கை உண்டு. அதன் ஏற்பான் மின்னழுத்தம் 0.2 வோல்ட் அளவுக்கு இறங்க விட்டால் அதுவும் தெவிட்டிவிடும்.

வயலில் கிடைத்த விடை

இந்த நான்கு வழிகளையும் தாளில் எழுதிவிட்டு, எதுவும் முழுநிறைவு தரவில்லையே என்றிருந்தபோது, விடுமுறைக்கு ஊருக்குச் சென்றேன். என் தந்தை கடலைக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார். மோட்டாரைப் போட்டதும் கடைசிப் பாத்திக்குத் தண்ணீர் வந்துவிடுவதில்லை. காய்ந்த வாய்க்கால் முதலில் தன் தாகத்தைத் தீர்த்துக்கொள்கிறது. மோட்டாரை நிறுத்தியதும் தண்ணீர் நின்றுவிடுவதும் இல்லை. வாய்க்காலில் தங்கியது மெலிந்து மெலிந்து நெடுநேரம் ஓடுகிறது. எங்கள் ஆடியின் தாமதமும் வாலும் இவையே அல்லவா!

ஆனால் என் தந்தை பாத்தி நிறையும்போதெல்லாம் மோட்டாரை நிறுத்தப் போவதில்லை. மண்வெட்டியால் ஒரு வெட்டு மண் எடுத்து, நிறைந்த பாத்தியின் மடையை அடைத்து, அடுத்த பாத்தியின் மடையைத் திறந்துவிடுகிறார். வாய்க்கால் எப்போதும் நிறைந்தே ஓடுகிறது. மாறுவது திசை மட்டுமே. பள்ளிக்கூடம் அதிகம் காணாத அவர் நாள்தோறும் செய்யும் வேலை, நான் புத்தகத்தில் தேடிக்கொண்டிருந்த விடை.

ஐந்தாம் வழி: மடை திருப்பல்

ஆடியை உறங்கவே விடக் கூடாது. அது எப்போதும் 100 மைக்ரோ ஆம்பியரை இழுத்துக்கொண்டே இருக்கட்டும். அதன் ஏற்பானுக்கு மேலே, உமிழ்ப்பான்கள் இணைந்த இரு டிரான்சிஸ்டர்களை வைக்க வேண்டும். ஒன்றின் ஏற்பான் அளக்கும் மின்தேக்கிக்குச் செல்லும். மற்றொன்றின் ஏற்பான் 5 வோல்ட் மின்வழங்கிக்கே செல்லும். எந்த அடிவாய் உயர்ந்திருக்கிறதோ அந்த வழியே மின்னோட்டம் முழுதும் பாயும்.

இதற்கு அடிவாயை 0.65 வோல்ட் முழுவதும் ஏற்றி இறக்க வேண்டியதில்லை. இரு அடிவாய்களுக்கும் இடையே 120 மில்லி வோல்ட் வேறுபாடு இருந்தால் மின்னோட்டம் நூற்றுக்கு ஒன்று என்று பிரிகிறது. 200 மில்லி வோல்ட் இருந்தால் இரண்டாயிரத்துக்கு ஒன்று. மின்தேக்கிப் பக்கத்து அடிவாயை 2 வோல்ட்டில் நிலையாக வைத்துவிட்டு, மற்றதை மட்டும் 1.8-க்கும் 2.2-க்கும் இடையே மாற்றினால் போதும். நிலையாக நிற்கும் அடிவாயிலிருந்து மின்தேக்கிக்குத் தேவையற்ற மின்னூட்டமும் கசிவதில்லை. ஆடியின் அடிவாயோ அசைவதே இல்லை. அங்குள்ள 26 பிக்கோ கூலூம் வைத்த இடத்தில் இருக்கிறது. அங்கே எத்தனை பிக்கோ ஃபாரட் இருந்தாலும் இனிக் கவலை இல்லை.

எஞ்சுவது உமிழ்ப்பான்கள் சந்திக்கும் புள்ளி. அங்கே சுமார் 15 பிக்கோ ஃபாரட் 0.2 வோல்ட் நகர வேண்டும். 30 நானோ வினாடி. அடிவாயின் தாவலைக் குறைத்தால் இதுவும் குறையும். 20 மைக்ரோ வினாடியில் 30 நானோ வினாடி என்பது ஆயிரத்தில் ஒன்றரைப் பங்கு. அதன் விளைவைக் கருவியில் கண்டோம். இரு துண்டுகளும் ஒன்றோடொன்று முரண்படுவதை விட்டன. எங்கள் அலைவு காட்டி 20 மெகா ஹெர்ட்ஸ் வரையே காட்டக்கூடியது; அதன் சொந்த ஏற்ற நேரமே 17.5 நானோ வினாடி. எனவே இதற்குமேல் விரைவு வந்தாலும் அதனைப் பார்க்க எங்களுக்குக் கண் இல்லை.

இதற்கும் விலை உண்டு. அளக்காத நேரத்திலும் 100 மைக்ரோ ஆம்பியர் வீணே ஓடுகிறது. மடை திருப்புபவர் வாய்க்காலை நிறைத்தே வைத்திருக்க வேண்டுமல்லவா? அதுதான் விரைவுக்கு நாம் தரும் கூலி.

முன்னோர் சென்ற பாதை

இம்முறை என் கண்டுபிடிப்பன்று. 1956-இல் ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த ஹானன் யூர்க், மின்னோட்டத்தை நிறுத்தாமல் திசைதிருப்பும் இலக்கச் சுற்றுகளை அமைத்தார். உமிழ்ப்பான் இணைந்த இலக்கச் சுற்று என்று பின்னர் பெயர்பெற்றது இதுவே. ஐ.பி.எம். 7090 முதலிய கணிப்பொறிகள் இதனைக் கொண்டு இயங்கின. இன்றும் எண்களை மின்னோட்டமாக மாற்றும் விரைவான மாற்றிகளில் நூற்றுக்கணக்கான மின்னோட்ட மூலங்கள் ஒருபோதும் உறங்காமல், திசை மட்டும் மாறி உழைக்கின்றன.

துல்லியத்தையும் விரைவையும் நாம் குழப்பிக்கொள்ளக் கூடாது. 1967-இல் டெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் ஜார்ஜ் வில்சனும் பேரி கில்பர்ட்டும், மூன்றே டிரான்சிஸ்டர்களைக் கொண்டு மேலான மின்னோட்ட ஆடி ஒன்றை மறுநாளைக்குள் யார் அமைப்பது என்று தமக்குள் பந்தயம் கட்டினர். வென்றது வில்சன். அவர் பெயராலேயே வழங்கும் அந்த ஆடி, அடிவாய் மின்னோட்டத்தால் வரும் பிழையை வெகுவாகக் குறைக்கிறது. ஆனால் அதனையும் நாம் முன்செய்தது போலச் சாவியால் துண்டித்தால், அதற்கும் ஒரு வால் முளைக்கும். உருவத்தைச் சரியாகக் காட்டும் ஆடி, உடனே காட்டும் ஆடி என்று பொருளில்லை.

முடிவுரை

சுற்று ஒன்று மெதுவாக இயங்கினால், டிரான்சிஸ்டரை மாற்றுவதற்கு முன் மூன்று கேள்விகளைக் கேட்போம். எந்த இடத்தில் மின்னூட்டம் தங்குகிறது? அது எவ்வழியே வருகிறது? எவ்வழியே போகிறது? போக வழியில்லை என்றால் வழி ஏற்படுத்துவோம். அதனினும் மேலாக, அது போகவே வேண்டாத வகையில் சுற்றினை அமைப்போம்.

செய்முறை வகுப்பில் விடை தவறினால், ஏட்டில் உள்ள விடைக்கு ஏற்ப அளவீட்டை வளைத்து எழுதும் பழக்கம் நம்மிடையே இல்லாமல் இல்லை. நாங்களும் 5 செ.மீ. துண்டை ஒதுக்கிவிட்டு, 10 செ.மீ. துண்டின் விடையை மட்டும் எழுதியிருக்கலாம். 3 சதவீதப் பிழையை யாரும் குறை கூறியிருக்க மாட்டார்கள். அவ்வாறு செய்திருந்தால் இக்கட்டுரை பிறந்திராது. தவறான விடையை ஒதுக்காமல், அதன் திசையைப் பார்க்கச் சொன்ன எங்கள் பேராசிரியருக்கும், மடை திருப்பிக் காட்டிய என் தந்தைக்கும் என் நன்றி உரியது.